குழந்தை இன்னும் உட்காரவில்லையா? தைலம் மட்டும் போதாது!

"இவங்க அப்பாவே ரெண்டு வயசுலதான் நடந்தான். அதே வாகுதான் இவனுக்கும். நீ சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே!"

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வார்த்தையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஏழாம் மாதமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. நம் பிள்ளைக்குப் பத்து மாதம் முடிந்தும் முதுகுக்குத் தலையணை வைத்தால்தான் உட்காருகிறான், எடுத்தால் சரிந்துவிடுகிறான். தாயின் மனசில் ஏதோ உறுத்துகிறது. ஆனால் மாமியார் சொன்ன பிறகு மேலே பேச்சேது? ஆடி போய் ஆவணி வரட்டும், மொட்டை போட்டுவிட்டுப் பார்க்கலாம், பல் முளைத்தால் சரியாகிவிடும்... இப்படியே மாதங்கள் ஓடிவிடும்.

பெரியவர்கள் சொல்வது பல நேரம் பலித்தும் விடுகிறது. அதுதான் இதில் உள்ள சிக்கல்! தாமதமாக உட்காருகிற, தாமதமாக நடக்கிற குழந்தைகளில் பலர் தாமாகவே சரியாகி ஓடத் தொடங்கிவிடுவார்கள். சரியாகாத குழந்தை எது என்பது மடியில் வைத்துப் பார்க்கும்போது வீட்டாருக்குத் தெரியாது. தெரிய வரும்போது, எந்த மாதங்களில் பயிற்சி கொடுத்திருந்தால் அதிகப் பலன் கிடைத்திருக்குமோ அந்த மாதங்கள் போயிருக்கும்.

நான் சித்த மருத்துவன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தவன். தைலமும் தொக்கணமும் என் தொழில். 'இவர் எதற்கு பிசியோதெரபிக்கு வக்காலத்து வாங்குகிறார்?' என்கிறீர்களா? 'பிள்ளைக்கு உடம்பு பலமில்லை, நல்ல தைலமாகக் கொடுங்கள்' என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்களிடம்தானே வருகிறார்கள்! அதில் சில குழந்தைகளுக்கு என் தைலம் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் எப்படி?

பிள்ளைத்தமிழ் சொல்லும் கணக்கு

பள்ளிக்கூடத்தில் பிள்ளைத்தமிழ் படித்திருப்பீர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று பருவங்களை மனப்பாடம் செய்ததோடு சரி. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது ஒரு குழந்தை வளர்ச்சி அட்டவணை! ஐந்தாம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிற பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி. இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. கை இரண்டும் தரையை விட்டு எழ வேண்டும் என்றால் உடம்பு பிடிமானம் இல்லாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும் அல்லவா? அப்புறம் ஒரு வயதை ஒட்டி வருகை. 'வா, வா' என்று அழைத்தால் தத்தித் தத்தி நடந்து வருகிற பருவம்.

இன்றைய கணக்கும் இதிலிருந்து அதிகம் விலகவில்லை. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி, பிடிமானமில்லாமல் உட்காருவதைக் குழந்தைகள் 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் கற்றுக்கொள்கிறார்கள். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள். எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள்! எதிர்வீட்டுக் குழந்தையோடு போட்டி போட வேண்டியதே இல்லை. அந்த ஆய்வில் நூற்றுக்கு நாலு குழந்தைகளுக்கு மேல் முட்டி போட்டுத் தவழாமலே நடந்துவிட்டன. 'என் பிள்ளை தவழவே இல்லையே' என்று அதற்காக மட்டும் பதற வேண்டாம்.

ஆனால் 9 மாதம் தாண்டியும் உட்காரவில்லை, 18 மாதம் தாண்டியும் நடக்கவில்லை என்றால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால் வயதில் அந்த இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

மாதக் கணக்கைவிட முக்கியமாக நான் பார்ப்பது, குழந்தை எப்படி அசைகிறது என்பதைத்தான். நாலு மாதம் கழிந்தும் கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டே இருக்கிறதா? படுத்திருக்கும் குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கினால், ஐந்தாம் மாதத்திலும் தலை பின்னால் தொங்குகிறதா? 'ஜட்டி மாட்டவே முடியல டாக்டர், காலைக் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கிறா' என்று சில தாய்மார்கள் சொல்வார்கள். அது சாதாரண விஷயம் இல்லை. தூக்கி நிறுத்தினால் எப்போதும் நுனிக்காலில்தான் நிற்கிறது என்றாலும் அப்படித்தான்.

இன்னொன்று. ஒரு வயதுக்கு முன்பே குழந்தை எதையும் வலது கையால் மட்டுமே எடுக்கிறது என்றால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். 'பாரேன், இப்பவே சோத்துக் கையால வாங்குது!' சந்தோஷப்படாதீர்கள். அந்த வயதில் குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுதான். ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் மற்ற கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

மூளையில் காயம், தண்டனை தசைக்கு

இப்படிப்பட்ட அறிகுறிகளுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். நான் அதிகம் பார்ப்பது மூளை முடக்குவாதம். 'செரிப்ரல் பால்சி' என்பார்கள். 1861ஆம் ஆண்டு லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் என்பவர்தான் குறைப்பிரசவம், பிரசவத்தில் மூச்சுத்திணறல் போன்றவற்றுக்கும் குழந்தையின் கை கால் விறைப்புக்கும் உள்ள தொடர்பை விரிவாக எடுத்துச் சொன்னார். அவருக்கே சிறு வயதில் போலியோ வந்து பாதம் வளைந்திருந்தது! வெகுகாலம் இந்த நோய்க்கு அவர் பெயரே வழங்கியது.

பிறந்தவுடன் அழாத குழந்தை, எடை மிகவும் குறைந்த குழந்தை, மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்கிய குழந்தை, மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை, இவர்களுக்கெல்லாம் வளரும் மூளையில் ஒரு காயம் ஏற்பட்டிருக்கலாம். அந்தக் காயம் பெரிதாவதில்லை. புற்று மாதிரி பரவுவதும் இல்லை. அப்படியானால் ஏன் அவசரம் என்று கேட்பீர்கள். காயம் அப்படியே இருந்தாலும் குழந்தை வளர்கிறதே!

எலும்பு வளர வளர, அதோடு ஒட்டியுள்ள தசையும் நீள வேண்டும். ஓடி ஆடும் குழந்தைக்கு அது தானாக நடக்கிறது. மூளையிலிருந்து தப்பான கட்டளை வந்து விறைத்துப்போன தசை அப்படி நீளாது. கெண்டைக்கால் தசை குட்டையாகிக் குதிகாலை மேலே இழுக்கும். தொடையின் உள்பக்கத் தசை இறுகி, இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்திலிருந்து மெல்ல நழுவும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே நடக்காத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். டாக்டர் சொன்னால் 'காலுக்குத்தானே பிரச்சினை, இடுப்புக்கு எதற்கு எக்ஸ்ரே?' என்று சண்டை போடாதீர்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த நோயுள்ள 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். உட்காருவது, நிற்பது, நடப்பது போன்ற திறமைகளில் ஒரு குழந்தை எந்த அளவுக்கு வர முடியுமோ அதில் ஏறக்குறைய 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறதாம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் மூன்று வயதுக்குள்ளேயே! அப்புறம் வருவது சொற்பம்தான். மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ளும் காலமும் இதுதான். இதில் ஒரு வருஷத்தை 'வாகு' என்று சொல்லிக் கழித்தால் எவ்வளவு நஷ்டம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயரைக் கேட்டதும் உடைந்து போகவும் வேண்டாம். பல நாட்டு ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்ததில், மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் மூவரில் இருவர் நடக்கிறார்கள். இருவரில் ஒருவருக்கு அறிவில் குறையே இல்லை. கை கால் கோணியிருப்பதைப் பார்த்துப் புத்தியும் கோணல் என்று முடிவு கட்டுகிறோமே, அதைவிட அநியாயம் கிடையாது.

"அங்க ஒண்ணுமே செய்யல டாக்டர்!"

சில வருஷங்களுக்கு முன் ஒரு தாய் பதினோரு மாதப் பெண் குழந்தையோடு வந்தார். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்து இன்குபேட்டரில் இருந்த குழந்தை. 'உடம்பை முறுக்கிக்கிட்டே இருக்கா. உளுந்துத் தைலம் தேய்ச்சா சரியாகும்னு சொன்னாங்க' என்றார். பார்த்தேன். கால் இரண்டும் விறைத்துப் பின்னிக் கிடந்தன. தைலம் கொடுத்தேன். கூடவே குழந்தை நரம்பியல் மருத்துவருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கோபமாக வந்தார். "அங்க ஒண்ணுமே செய்யல டாக்டர்! கரண்ட் வெக்கல, மெஷின் வெக்கல. பாப்பாவோட இருபது நிமிஷம் விளையாடிட்டு, 'இதேமாதிரி வீட்ல செய்யுங்கம்மா'னு அனுப்பிட்டாங்க. இதுக்கு ஃபீஸ் வேற!"

நான் சிரித்துவிட்டேன். நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறார்! இந்தச் சிகிச்சை பற்றி நம் வீடுகளில் உள்ள பெரிய தவறான எண்ணமே இதுதான். பெரியவர்களுக்கு முழங்கால் வலிக்கு மெஷின் வைக்கிறார்களே, அதுதான் பிசியோதெரபி என்று நினைக்கிறோம். குழந்தைகளுக்கு அப்படியில்லை. கணக்குப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி என்றால் பிசியோதெரபிஸ்ட் கையில் குழந்தை இருப்பது ஒரு மணி நேரம். வீட்டில் குழந்தை விழித்திருப்பது நாளுக்குப் பத்து மணி என்று வைத்தாலும் வாரத்துக்கு எழுபது மணி. சிகிச்சை எங்கே நடக்க வேண்டும்? அந்த எழுபது மணியில்தானே! எழுபது மணி நேரமும் பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, எப்படி விளையாட வைப்பது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அந்த இருபது நிமிஷம்.

ஒரு காலத்தில் கை காலைப் பிடித்து நீட்டி மடக்கிவிடுவதையே பெரிதாக நினைத்தார்கள். இப்போது கருத்து மாறிவிட்டது. நாம் குழந்தையின் காலை ஆட்டினால் ஆடுவது கால் மட்டும். குழந்தையே கிலுகிலுப்பையை எடுக்க ஆசைப்பட்டு எக்கி, புரண்டு, தவறி, திரும்ப எக்கினால் வேலை செய்வது மூளை. கற்றுக்கொள்வது அங்கேதான். ஆகவே பயிற்சி விளையாட்டு மாதிரிதான் தெரியும். தெரிய வேண்டும். குழந்தை அலற அலற ஒருவர் காலைப் பிடித்து நீட்டுகிறார் என்றால், அவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தக் குழந்தையின் தாய்க்கு என்ன சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்று கேட்டேன். ஒரு போர்வையை உருளையாகச் சுருட்டி மார்புக்கு அடியில் வைத்துக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். கை இரண்டும் உருளைக்கு முன்னால். எதிரே ஒரு பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர். அதைப் பார்க்கத் தலை தானாக நிமிரும். செங்கீரைதான், வேறென்ன! விழித்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் இப்படி. தூங்கும்போது எந்தக் குழந்தையும் மல்லாந்துதான் படுக்க வேண்டும்.

அடுத்து, இடுப்பில் தூக்குவது. பிள்ளையைப் பச்சைக் குழந்தை மாதிரி இரண்டு கைகளிலும் படுக்க வைத்துத் தூக்கினால் விறைப்பு அதிகமாகும். நம் கிராமத்துப் பெண்கள் இடுப்பில் இருபுறமும் கால் விரித்து உட்கார வைத்துக்கொள்வார்களே, அதுதான் பின்னிக்கொள்ளும் கால்களுக்கு ஏற்றது. தொடை விரிகிறது, முதுகு நிமிர்கிறது, உலகத்தையும் வேடிக்கை பார்க்கலாம். காசு செலவில்லாத சிகிச்சை!

உட்கார வைக்க, இரண்டு சுவர் சேரும் மூலை நல்ல இடம். முதுகுக்கு இரு பக்கமும் சுவர், கால்கள் விரிந்து முன்னால். முட்டி முன்னே இருக்க, பாதங்கள் இரண்டும் பக்கவாட்டில் பின்னால் போகும்படி தவளை மாதிரி உட்கார விட வேண்டாம். விறைப்புள்ள பிள்ளைகள் அப்படி உட்காரத்தான் விரும்பும். பேச்சுக் கொடுத்து மாற்றி உட்கார வையுங்கள். ஒரு கை பலவீனமாக இருந்தால் இரண்டு கையும் தேவைப்படுகிற பொருளைக் கொடுங்கள். பெரிய பந்து, மூடியுள்ள டப்பா. கொஞ்சம் பெரிய பிள்ளையானால் சப்பாத்தி மாவைப் பிசையச் சொல்லுங்கள், பல்லாங்குழி ஆடுங்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு பலவீனமான கையால் மட்டும் விளையாட வைக்கும் முறைக்கு இப்போது உலகெங்கும் நல்ல பெயர். ஆனால் அதை எத்தனை மணி நேரம், எத்தனை வாரம் என்று சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும்.

வாக்கர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். வட்டமாக, நடுவில் குழந்தையை உட்கார வைத்து உருட்டுகிற பிளாஸ்டிக் வாக்கரை எந்தக் குழந்தைக்கும் வாங்காதீர்கள். நுனிக்காலால் தள்ளப் பழகும். படிக்கட்டில் உருண்டு மண்டை உடையும். கனடாவில் 2004லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். திருவிழாக் கடையில் விற்கிற மர நடைவண்டி வேறு. பிடித்துக்கொண்டு தானாக நிற்கிற குழந்தை அதைத் தள்ளிக்கொண்டு நடப்பது நல்லதுதான்.

அந்தப் பெண் குழந்தை இரண்டு வயதில் கையூன்றாமல் உட்கார்ந்தாள். இந்த நோயில் இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் குழந்தை பின்னால் நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. நாலு வயதில் காலுக்கு ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு, தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஓட மாட்டாள். கணக்குப் பாடத்தில் அண்ணனை முந்திவிட்டாள் என்று தாய்க்குப் பெருமை.

இன்னொரு பையனையும் நினைத்துக்கொள்கிறேன். ஆறு வயதில் தாத்தா தோளில் தூக்கி வந்தார். கோயில் குளம், மந்திரிப்பு, எண்ணெய் எல்லாம் முடிந்த பிறகு. முட்டி இரண்டும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டன. அறுவை சிகிச்சை செய்து தசையை நீட்டிய பிறகுதான் பயிற்சியையே தொடங்க முடிந்தது. இப்போது சுவரைப் பிடித்துக் கழிப்பறைக்குத் தானாகப் போகிறான். அந்தக் குடும்பத்துக்கு அதுவே பெரிய விடுதலை. ஆகவே வயதாகிவிட்டது என்று யாரும் விட்டுவிட வேண்டாம். ஆனால் பத்தாவது மாதத்தில் வந்திருந்தால்...

தைலம் எதற்கு, எதற்கு இல்லை?

எண்ணெய் தேய்ப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மருத்துவத்தில் புறமருத்துவம் முப்பத்திரண்டு. அதில் தொக்கணம் ஒன்று. தொக்கணத்திலேயே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி ஒன்பது வகை. இளஞ்சூடான தைலத்தை மெதுவாகத் தேய்த்தால் குழந்தைக்குச் சுகம், நல்ல தூக்கம். இறுகிய உடம்பு கொஞ்ச நேரத்துக்குத் தளரும். அந்தத் தளர்ச்சி இருக்கும்போதே பயிற்சி செய்தால் குழந்தை ஒத்துழைக்கும். தைலம் தேய்த்துப் பத்து நிமிஷம் கழித்துப் பயிற்சி என்று நானே பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். தைலம் மட்டும் தேய்த்துத் தொட்டிலில் போட்டுவிட்டால் தசை திரும்ப இறுகிக்கொள்ளும். தைலத்துக்கு உட்காரக் கற்றுக்கொடுக்கத் தெரியாது!

பழைய காலத்துக் குளிப்பாட்டலில் நல்ல விஷயம் இருந்தது. பாட்டி மணையில் கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின்மேல் குப்புறப் போட்டு முதுகு தேய்ப்பாரே, அப்போது குழந்தை தலை தூக்கிப் பார்க்கும். அதுவும் ஒரு பயிற்சிதான். ஆனால் கூடவே சில கெட்ட பழக்கங்களும் இருந்தன. மூக்கில், காதில் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். சளி எடுக்கிறேன் என்று வாயால் மூக்கை ஊதுவதும் வேண்டாம். விறைத்த காலை முரட்டுத்தனமாக இழுத்து நீவக் கூடாது. நடக்காத பிள்ளையின் எலும்பு மெலிந்திருக்கும்; சட்டென்று முறியும்.

குழி தோண்டி இடுப்பளவு மண்ணில் பிள்ளையை நிறுத்தி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று கர்நாடகத்தில் கலபுரகிக்கு அருகே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்த செய்தியைப் படித்திருப்பீர்கள். மணலில் உட்கார்ந்து விளையாடினால் கைக்கும் காலுக்கும் நல்லது. அசைய முடியாமல் புதைத்தால் குழந்தைக்குக் கிடைப்பது பயம் ஒன்றுதான்.

முக்கியமாக ஒன்று. இந்தக் குழந்தைகளில் நாலில் ஒருவருக்கு வலிப்பும் இருக்கும். நாட்டு மருந்து ஆரம்பித்துவிட்டோம் என்று வலிப்பு மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொல்பவர் சித்த மருத்துவராகவே இருந்தாலும் கேட்காதீர்கள்.

வேறு யாருக்கெல்லாம்?

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் தலை எப்போதும் ஒரு பக்கமே சாய்ந்து, முகம் மறுபக்கம் திரும்பியிருந்தால் கழுத்துத் தசை சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். கழுத்தில் சின்ன உருண்டைகூடத் தட்டுப்படும். 'சுளுக்கு' என்று வழிக்கப் போகாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் முறையான பயிற்சி தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது. அதற்கு முன் டாக்டர் ஒருமுறை பார்த்து அது தசைச் சுருக்கம்தானா என்று உறுதி செய்ய வேண்டும்.

பெரிய குழந்தை, கஷ்டமான பிரசவம். தோள் சிக்கி இழுத்ததில் கைக்குப் போகும் நரம்பு அடிபட்டுக் கை துவண்டு தொங்கும். பல குழந்தைகளுக்கு நரம்பு தானாகத் தேறும். அதுவரை மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வது பயிற்சியின் வேலை. மூன்று மாதமாகியும் குழந்தை முழங்கையைத் தானாக மடக்கவில்லை என்றால் நரம்பு அறுவை நிபுணரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

பிறவியிலேயே பாதம் உள்பக்கம் வளைந்திருப்பதற்கு அமெரிக்காவின் ஐயோவாவில் பணியாற்றிய டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறைதான் இன்று உலகம் முழுதும். வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு கட்டு, பலருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு, பிறகு கம்பி இணைத்த செருப்பு. முதல் மூன்று மாதம் நாள் முழுதும், அப்புறம் நாலு வயது வரை தூங்கும்போது மட்டும். கால் நேராகிவிட்டதே என்று செருப்பை நிறுத்திவிடுவார்கள். உடனே திரும்ப வளையும்.

ஒரே பயிற்சி எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு ஓர் உதாரணம். நன்றாக நடந்துகொண்டிருந்த நாலைந்து வயதுப் பையன் அடிக்கடி விழுகிறான். தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறி ஏறி எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் கொழுகொழுவென்று இருக்கிறது. இது தசையே தேயும் நோயாக இருக்கலாம். அவனுக்குக் கடுமையான உடற்பயிற்சி தீங்கு செய்யும். ஆகவே நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு நீங்களாகவே பயிற்சியைத் தொடங்காதீர்கள். முதலில் குழந்தை மருத்துவர் நோயைச் சொல்ல வேண்டும். பயிற்சி அதற்கு அப்புறம். முன்பு செய்துகொண்டிருந்ததைக் குழந்தை மறக்கத் தொடங்கினால் அன்றைக்கே காட்டுங்கள்.

எங்கே போவது?

செலவை நினைத்துப் பயப்படுகிறவர்கள் முதலில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்ப இடையீட்டு மையங்கள் ஏற்பட்டன. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக உண்டானவை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005இலிருந்து மத்திய அரசின் நிறுவனம் ஒன்று பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்காக இயங்கி வருகிறது. தென்கோடியில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் 1981 முதல் இந்தப் பணியில் இருக்கிறது. மூளை முடக்குவாதம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதால் அடையாள அட்டை வாங்கலாம். 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவுக்கு வழி உண்டு. பிசியோதெரபியும் அதில் அடங்கும். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று சிலர் வேண்டாம் என்கிறார்கள். பிள்ளைக்குச் சேர வேண்டியதைத் தடுக்க நாம் யார்?

முதல் நாள் போகும்போது பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த எடை, உடனே அழுததா, எத்தனை நாள் இன்குபேட்டர், மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, இதையெல்லாம் கேட்பார்கள். வீட்டில் குழந்தை புரள்வதையும் உட்கார முயல்வதையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்; புது இடத்தில் அழுதுகொண்டே இருந்தால் அதுதான் கைகொடுக்கும். பசி நேரமும் தூக்க நேரமும் இல்லாமல் பார்த்துப் போங்கள். முடிந்தால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்கப் பிள்ளையை வைத்திருப்பவர் அவர்தானே! போர்வையை எப்படிச் சுருட்டுவது, இடுப்பில் எப்படித் தூக்குவது என்று அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.